ஆளுக்கு 530 டாலர்

கடந்த இரண்டு வாரத்தில் எதையாவது திருடியிருக்கிறீர்களா என்று லைபீரியாவின் தலைநகரான மன்ரோவியாவில் 999 ஆண்களிடம் கேட்டார்கள். 53% பேர் ஆமாம் என்றார்கள். தினமும் கஞ்சா புகைப்பதாகச் சொன்னவர்கள் 44%. அதைவிடக் கடுமையான போதைப்பொருளைத் தினமும் எடுப்பதாகச் சொன்னவர்கள் 15%. போதைப்பொருள் விற்பதாகச் சொன்னவர்கள் 20%. இதெல்லாம் பெரிய கூச்சமில்லாமல் படிவத்தில் வந்து விழுந்தது. பின்னால் இதே கூட்டத்திடம், காசு கொடுத்துக் கைபேசிக்கு சார்ஜ் ஏற்றினீர்களா, வீடியோ கொட்டகையில் படம் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பலர் மழுப்பியது அங்கேதான்.

திருட்டை ஒப்புக்கொள்கிறவன் சார்ஜ் ஏற்றிய சில்லறையை மறைக்கிறான். மறைக்கிறான் என்பது எப்படித் தெரிந்தது? தெரிந்துகொள்ளத் தனியாக ஒரு செலவு செய்தார்கள். கொந்தளிப்பான பகுதிகளில் வாழும் இளைஞர்கள் வன்முறையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறியப் புறப்படும் ஆய்வுகளில் பணம் போதாமல் போனால் முதலில் அடிபடும் செலவும் அதுதான். என் பேரேட்டில் அதற்குத்தான் பெரிய எழுத்து.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். லைபீரியாவில் உள்நாட்டுப் போர் 1989இல் தொடங்கி, நடுவில் கொஞ்சம் ஓய்ந்து, 2003இல் முடிந்தது. அதற்கு ஆறேழு ஆண்டுகள் கழித்து மன்ரோவியாவின் சந்தைகளிலும் சேரிகளிலும் ஆள் சேர்த்தார்கள். ரெட் லைட் என்ற இடம் அவற்றில் ஒன்று. பெயரைப் பார்த்து நம் வாசகர்கள் வேறு எதையும் நினைக்க வேண்டாம், அது அப்போது நகரத்தின் பெரிய சந்தைப் பகுதி. சேர்ந்தவர்களின் சராசரி வயது 25. பள்ளிப்படிப்பு எட்டாண்டுக்குக் கொஞ்சம் குறைவு. 38% பேர் ஏதாவதொரு ஆயுதக் குழுவில் இருந்தவர்கள். 24% பேருக்கு வீடில்லை. வாரத்துக்கு 46 மணி நேரம் உழைத்து மாதம் 68 டாலர் சம்பாதித்தார்கள். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 34 சென்ட் வருகிறது. இதில் நேர்மையான கூலியும் உண்டு, நேர்மையற்ற வரும்படியும் உண்டு. கையில் சேமிப்பு 34 டாலர். அதாவது நூறு மணி நேர உழைப்பு.

ஆய்வை நடத்தியவர்கள் கிறிஸ்டோபர் பிளாட்மேன், ஜூலியன் ஜேமிசன், மார்கரெட் ஷெரிடன் ஆகிய மூவர். களத்தில் வேலை செய்தது நெபி என்ற உள்ளூர் அமைப்பு. பாடம் நடத்தியவர்களில் பலர் முன்னாள் போராளிகள், முன்னாள் தெருத் திருடர்கள். குலுக்கல் போட்டு 999 பேரை நான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு எட்டு வாரம் நடத்தைச் சிகிச்சை. இன்னொன்றுக்கு 200 டாலர் ரொக்கம். மூன்றாவதற்கு இரண்டும். நான்காவதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது பிரிவில் ஓர் ஆளுக்கு ஆன செலவு இது:

சிகிச்சை: 189 டாலர்
ரொக்கம் (கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு 16 டாலர் உட்பட): 216 டாலர்
பதிவும் நிர்வாகமும்: 125 டாலர்
ஆக மொத்தம்: 530 டாலர்

அன்றைய விகிதத்தில் டாலருக்கு 47 ரூபாய் என்று வைத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 24,900 ரூபாய். கையில் கொடுத்த 200 டாலர் அவர்களுக்கு மூன்று மாத வருமானம்.

சிகிச்சைக்கான 189 டாலரைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். இருபது பேர் கொண்ட குழு, இரண்டு நடத்துநர்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், எட்டு வாரம் என்றால் 96 மணி நேரம். மணிக்கு ஆளொன்றுக்கு இரண்டு டாலருக்கும் சற்றுக் குறைவு. மற்ற நாட்களில் நடத்துநர்கள் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் போய்ப் பார்த்ததும் இதற்குள்ளேயே அடக்கம். கோபம் வந்தால் மூச்சை இழுத்து விட்டுவிட்டு அங்கிருந்து நகர்வது எப்படி என்ற பாடம் உண்டு. முடி வெட்டிக்கொண்டு, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, வங்கிக்கும் பேரங்காடிக்கும் போய்வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். யாரும் அடித்து விரட்டவில்லை என்பதே அவர்களில் சிலருக்குப் புதிய செய்தியாக இருந்திருக்கும்.

ரொக்கத்தைக் குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பெரும்பகுதி வியாபாரச் சரக்கு, துணிமணி, வீட்டுச் செலவு, சேமிப்பு என்றுதான் போனது. அதனால் ஏழ்மை தீர்ந்துவிடவும் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு பணம் வாங்கியவர்களின் வருமானம் வாங்காதவர்களைவிட உயரவில்லை. அப்படியிருந்தும் சிகிச்சையும் பணமும் சேர்ந்து பெற்றவர்களிடம் திருட்டும் வன்முறையும் வெகுவாகக் குறைந்தே இருந்தன. பணம் மட்டும் பெற்றவர்களிடமும் சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடமும் முதலில் தெரிந்த மாற்றம் போகப்போக மங்கியது. முகவரி இல்லாத இந்தக் கூட்டத்தில் ஓராண்டு கழித்தும் 92% பேரைத் தேடிப் பிடித்தார்கள் என்பதைப் படித்தபோது எனக்கு முடிவைவிட அந்த உழைப்பின் மேல்தான் மதிப்பு வந்தது.

இப்போது பெரிய எழுத்துச் செலவுக்கு வருவோம். மன்ரோவியாவில் நம்பக்கூடிய காவல்துறைப் பதிவேடு இல்லை. திருடினாயா என்று திருடனையேதான் கேட்டாக வேண்டும். எட்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னவர்களின் மனம் நோகக் கூடாதென்று அவன் 'விட்டுவிட்டேன்' என்று சொன்னால்? அப்போது சிகிச்சை மாற்றியது நடத்தையை இல்லை, பதிலைத்தான் என்றாகிவிடும். இந்தச் சந்தேகத்தை அடிக்குறிப்பில் புதைத்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிப் போகவில்லை. ஏறத்தாழ 240 பேரைக் குலுக்கலில் எடுத்து, உள்ளூர் ஆய்வாளர்களை அவர்களோடு பல நாள் பழகவிட்டார்கள். கையில் படிவம் கிடையாது. கூட நடப்பது, உட்கார்ந்து சாப்பிடுவது, ஊர்க்கதை பேசுவது, பேச்சோடு பேச்சாக விஷயத்துக்கு வருவது. கஞ்சா, சூதாட்டம், திருட்டு, வீடில்லாமல் தூங்குவது என்று கூச்சப்பட வேண்டியவை நான்கு. சார்ஜ், வீடியோ என்று கூச்சப்பட ஒன்றுமில்லாதவை இரண்டு.

ஆளுக்கு நான்கு நாள் என்று வைத்தால்கூட 960 மனித நாட்கள். மூன்று பேர் லீவு போடாமல் ஏறத்தாழ ஒரு வருஷம் சுற்ற வேண்டிய வேலை. இதற்குக் கிடைத்த பலன் இரண்டு வரிகள். கூச்சப்பட வேண்டிய நான்கிலும் பொய் குறைவு, சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அதிகம் மறைக்கவும் இல்லை. சின்னச் செலவுகளைத்தான் எல்லாரும் குறைத்துச் சொன்னார்கள், அதிலும் ஒன்றும் கிடைக்காத பிரிவினர் கூடுதலாகக் குறைத்தார்கள். காரணம் நமக்குப் புரியாததில்லை. உதவி கொடுக்கும் கூட்டம் வந்து கேட்கும்போது கையில் காசு புழங்குகிறது என்று எவன் சொல்வான்? நம்மூரில் ரேஷன் அட்டைக்கு வருமானம் எழுதும் கை எழுதுவதைத்தான் அந்தக் கையும் எழுதியது. திருட்டு அவர்கள் தெருவில் ஊரறிந்த விஷயம். சார்ஜ் ஏற்றிய காசுதான் அந்தரங்கம். எது கூச்சத்துக்குரிய கேள்வி என்று அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் அங்கே தலைகீழாகிவிட்டது.

பழகிப் பேசவே வழியில்லாத இடங்களும் உண்டு. 2011இன் தொடக்கத்தில் ஆப்கானிஸ்தானின் ஐந்து மாகாணங்களில், 204 கிராமங்களில், 2,754 ஆண்களிடம் ஜேசன் லயால், கிரேம் பிளேர், கொசுகே இமாய் ஆகியோர் நடத்திய கணக்கெடுப்பு ஒன்று. தாலிபானை ஆதரிக்கிறாயா என்று அங்கே நேராகக் கேட்டால் கேட்டவனுக்கும் ஆபத்து, சொன்னவனுக்கும் ஆபத்து. அதனால் பட்டியல் முறை ஒன்றைக் கையாண்டார்கள். மூன்று பெயர்களைப் படித்துக் காட்டுவது: கர்சாய் அரசு, தேசிய ஒற்றுமைத் திட்டம், உள்ளூர் விவசாயிகள். இதில் எத்தனை பேரை ஆதரிக்கிறீர்கள், எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள், யார் யார் என்று சொல்ல வேண்டாம். இது முதல் 918 பேருக்கு. அடுத்த 918 பேருக்குப் பட்டியலில் நான்காவதாக வெளிநாட்டுப் படைகள். கடைசி 918 பேருக்கு நான்காவது தாலிபான். சராசரிகளின் வித்தியாசம்தான் நான்காவது பெயருக்கான ஆதரவு. நல்ல தந்திரம். பதில்கள் இப்படி வந்தன:

மூன்று பெயர் மட்டும்: பூஜ்யம் என்றவர்கள் 188, ஒன்று 265, இரண்டு 265, மூன்று 200.
வெளிநாட்டுப் படைகளோடு: பூஜ்யம் 174, ஒன்று 278, இரண்டு 260, மூன்று 182, நான்கு 24.
தாலிபானோடு: பூஜ்யம் 0, ஒன்று 433, இரண்டு 287, மூன்று 198, நான்கு 0.

கடைசி வரியை இன்னொரு தடவை படியுங்கள். 918 பேரில் ஒருவர்கூடப் பூஜ்யம் என்று சொல்லவில்லை, ஒருவர்கூட நான்கு என்றும் சொல்லவில்லை. பூஜ்யம் என்றால் தாலிபானை ஆதரிக்கவில்லை என்று வெட்டவெளிச்சமாகிவிடும். நான்கு என்றால் ஆதரிப்பது வெளிச்சமாகிவிடும். முதல் பட்டியலில் பூஜ்யமும் ஒன்றும் சொன்னவர்கள் சேர்ந்து 453 பேர், தாலிபான் பட்டியலில் ஒன்று சொன்னவர்கள் 433 பேர். பூஜ்யம் சொல்ல வேண்டியவர்கள் ஒன்றுக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த கிராமங்களில் அந்தத் தந்திரத்தை அத்தனை பேரும் நொடியில் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கால்குலேட்டருக்கு இது புரியாது. சராசரி போட்டால் வெளிநாட்டுப் படைக்கு 1.57 கழித்தல் 1.52, அதாவது ஏறத்தாழ 5% ஆதரவு. தாலிபானுக்கு 1.74 கழித்தல் 1.52, அதாவது 22%. இந்த 22% வெறும் பயத்தின் கூட்டுத்தொகை. முழு வரிசையையும் அச்சிட்டதால் நமக்குத் தெரிந்தது. சராசரியை மட்டும் அறிக்கையில் போட்டிருந்தால் 'ஐந்தில் ஒருவர் தாலிபான் ஆதரவாளர்' என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும், யாரும் மறுத்திருக்க முடியாது.

நமக்குப் பக்கத்துக் கணக்கையும் விட்டுவிட மனமில்லை. 2009இல் போர் முடிந்தபின் இலங்கை அரசு ஏறத்தாழ 12,000 முன்னாள் புலிகளைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்தது. அவர்களில் பலர் இளைஞர்கள். அரி குருக்லான்ஸ்கி தலைமையிலான உளவியலாளர் குழு அங்கே கேள்விப் படிவங்களோடு போனது. முழுப் பயிற்சி பெற்றவர்களிடம் தீவிர மனப்பான்மை குறைந்தது, குறைந்தபட்சப் பயிற்சி பெற்றவர்களிடம் அப்படிக் குறையவில்லை என்று எழுதினார்கள். விடுதலையானவர்கள், இயக்கத்தில் சேராத சாதாரணத் தமிழர்களைவிடவும் குறைவான தீவிரத்தைக் காட்டினார்கள் என்றும் கண்டார்கள். எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் கேள்வி கம்பிவேலிக்குள் கேட்கப்பட்டது. இரண்டாவது, வீட்டு வாசலில் இன்னும் யாராவது வந்து விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில் கேட்கப்பட்டது. கண்காணிக்கப்படுகிறவன் கண்காணிக்கப்படாதவனைவிட அடக்கமாகப் பதில் சொல்வான் என்பதற்கு உளவியல் பட்டம் தேவையில்லை. அங்கே ஒரு 240 பேருடன் யாராவது பல நாள் சும்மா உட்கார்ந்து டீ குடித்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதுதான் பேரேட்டில் காலியாகக் கிடக்கும் கட்டம்.

உண்மையான பதில் கிடைத்தாலும் அது எத்தனை நாள் தாங்கும்? ஆப்கானிஸ்தானின் கந்தஹாரில் 2,597 இளைஞர்களை வைத்து நடந்த சோதனை இதற்கு விடை சொல்கிறது. சிலருக்குத் தொழிற்பயிற்சி, சிலருக்கு 75 டாலர், சிலருக்கு இரண்டும். பயிற்சி பிழைப்பை உயர்த்தியது, ஆனால் அரசா தாலிபானா என்ற மனநிலையைப் பெரிதாக அசைக்கவில்லை. 75 டாலர் வருமானத்தை உயர்த்தவில்லை, மனநிலையை மட்டும் அரசின் பக்கம் துள்ள வைத்தது. அந்தத் துள்ளல் சீக்கிரமே பழைய இடத்துக்கு, சிலசமயம் அதற்கும் கீழே, விழுந்தது. பணம் கொடுத்த கையோடு மட்டும் அளந்திருந்தால் வெற்றி. சில மாதம் கழித்தும் அளந்ததால் தோல்வி. இரண்டும் சேர்ந்து பெற்றவர்களிடம்தான் எட்டு மாதம் வரை அரசு ஆதரவு நின்றது, அதுவும் வருமானம் சொல்லிக்கொள்ளும்படி உயராமலே. ஏழ்மையால்தான் துப்பாக்கி எடுக்கிறார்கள் என்ற சுலபமான சூத்திரம் இந்தக் கணக்கில் உதைக்கிறது.

சிகாகோவில் கேட்கும் சிரமம் குறைவு, பதிவேடு இருக்கிறது. அங்கே 2009-10 பள்ளி ஆண்டில் 2,740 மாணவர்களை வைத்து 'பிகமிங் எ மேன்' என்ற திட்டத்தைச் சோதித்தார்கள். முதல் நாளே ஒரு விளையாட்டு. இருவர் இருவராக உட்காரவைத்து ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, மற்றவனிடம் 30 விநாடிக்குள் வாங்கு என்பார்கள். இழுபறியும் மல்லுக்கட்டும்தான் நடக்கும். தா என்று வாய்விட்டுக் கேட்பவன் அநேகமாக இருக்கமாட்டான். ஏன் கேட்கவில்லை என்பதிலிருந்து பாடம் தொடங்கும். வாரம் ஒரு மணி நேரமாக அதிகபட்சம் 27 வகுப்பு, சராசரியாக வந்தது 13. ஆளுக்குச் செலவு ஏறத்தாழ 1,100 முதல் 2,000 டாலர். இந்தச் சோதனையிலும் பின்னால் இன்னொரு தொகுதி மாணவர்களோடு நடந்த சோதனையிலும், திட்டம் நடந்த காலத்தில் வன்முறைக் குற்றத்துக்கான கைதுகள் 45 முதல் 50% வரை குறைந்தன. ஆனால் முதல் சோதனையில் திட்டம் முடிந்த பிறகு கைதுகளில் அந்த வித்தியாசம் தங்கவில்லை.

மனப்பான்மையை இங்கே வார்த்தையால் அளக்காமல் கடிகாரத்தால் அளந்தார்கள். எதிராளி உன் பங்கைப் பிடுங்கிக்கொண்டான், நீ என்ன செய்யப் போகிறாய் என்ற பண விளையாட்டில், பயிற்சி பெற்றவர்கள் முடிவெடுக்க 79% கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். பொய் சொல்ல முடியாத கேள்வி இது. தான் அளக்கப்படுவதே பையனுக்குத் தெரியாது.

மன்ரோவியாவின் பாடம் 2017இல் இதே சிகாகோவுக்குப் போனது. ரெடி சிகாகோ என்ற திட்டத்தின் சோதனையில் 2,456 ஆண்கள். சராசரியாக ஆளுக்கு 17 கைது, 35% பேர் ஏற்கனவே துப்பாக்கிச் சூடு பட்டவர்கள். 18 மாதம் கூலியோடு வேலையும் சிகிச்சையும். செலவு ஆளுக்கு ஏறத்தாழ 52,000 டாலர். ஒரு சிகாகோக்காரரின் செலவில் 98 மன்ரோவியாக்காரர்களை நடத்தியிருக்கலாம். துப்பாக்கிச் சூடு, கொலை ஆகியவற்றுக்கான கைதுகள் 65% குறைந்தன. எல்லா வகைக் கடும் வன்முறையையும் சேர்த்துக் கட்டிய மொத்த அளவில் தெளிவான மாற்றம் இல்லை. போட்ட டாலருக்கு 4 முதல் 18 டாலர் வரை சமூகத்துக்கு மிச்சம் என்றார்கள். கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே நான்கரை மடங்கு இடைவெளி உள்ள கணக்கில் நம்மூர்த் தணிக்கையாளர் எவரும் கையெழுத்துப் போடமாட்டார். பதிவேடும் பரிசுத்தமானதில்லை. அது குற்றத்தை எண்ணுவதில்லை, காவலர் எத்தனை பேரைப் பிடித்தார் என்பதை எண்ணுகிறது.

கணக்கை முடிக்க மன்ரோவியாவுக்கே திரும்ப வேண்டும். பத்தாண்டு கழித்து அதே 999 பேரைத் தேடிப் போனார்கள். முடிவு 2023இல் அச்சானது. சிகிச்சையும் பணமும் சேர்ந்து பெற்றவர்களிடம் திருட்டு, வழிப்பறி, போதை விற்பனை போன்றவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. தொடக்கத்தில் மிக மோசமாக இருந்தவர்களிடம்தான் மாற்றம் அதிகம். பத்தாண்டுக்கு ஆளொன்றுக்கு 338 குற்றங்கள் குறைவு, குற்றத்துக்கு ஒன்றரை டாலர் செலவு என்று பிளாட்மேன் கணக்குப் போட்டார். ஒரு முனையிலும் மறு முனையிலும் அளந்துவிட்டு நடுவில் நீட்டிப் போட்ட எண் அது, அதனால் 338ஐ நான் பென்சிலில்தான் எழுதுவேன். பாதி என்பதைப் பேனாவில் எழுதலாம். அந்தப் பேனாவுக்கு மை ஊற்றியது அந்த 240 பேருடன் செலவான நாட்கள்தான்.

தொடங்கும்போது சராசரி வயது 25 என்று சொன்னேன். பத்தாண்டு முடிவில் 999 பேரில் 833 பேர் பதில் சொன்னார்கள். 103 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். மீதி 63 பேரிடம் பதில் வாங்க முடியவில்லை.